இடைவேளை வரைக்கும்

(மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளையடிப்பதற்காக வீட்டைக் காலி செய்ததில் ஐந்து அட்டைப்பெட்டிகள் வெளியே வந்திருக்கின்றன. பழைய பேப்பர் வாங்கும் மாரி வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தராசோடு வருகிறார். பெட்டிகளுக்கும் தராசுக்கும் நடுவில், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற சுந்தரம் கைகளை விரித்து நிற்கிறார்.)

மாரி: சார், கொஞ்சம் நகருங்க. அம்மா எடுத்துப் போகச் சொன்னாங்க.

சுந்தரம்: அவள் சொன்னது பேப்பரை. இது பேப்பர் இல்லை.

மாரி: "வாசலில் இருக்கிற எல்லாத்தையும்" என்றுதான் சொன்னாங்க. நீங்களும் வாசலில்தான் நிற்கிறீங்க. அதனால்தான் நகரச் சொல்கிறேன்.

சுந்தரம்: தம்பி, இதில் 412 படம் இருக்கு. இருபது வருஷமாகச் சேர்த்தது.

மாரி: (ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து) ஒன்பது கிலோ வரும். ஆனால் சிடி எங்கள் கடையில் போகாது சார். கவரை மட்டும் பிளாஸ்டிக்கில் போட்டுக்கொள்கிறேன். கிலோ 12 ரூபாய்.

சுந்தரம்: கவருக்கா விலை? உள்ளே இருக்கிற படத்துக்கு?

மாரி: நல்ல படமாக இருந்தாலும் அதே விலைதான். மொக்கைப் படம் என்று நான் குறைக்கவும் மாட்டேன். தொழிலில் பாரபட்சம் கிடையாது.

சுந்தரம்: (ஒன்றை எடுத்துத் துடைத்து) இதைப் பாருங்க. 2007-ல் வாங்கினது. மோசர் பேர் கம்பெனி வந்து விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்த வருஷம். அதுக்கு முன்னால் ஒரிஜினல் எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. பர்மா பஜார்தான். தியேட்டரில் கேமராவை ஒளித்து வைத்து எடுத்த படம். ஹீரோ தாயைப் பார்த்துக் கதறும்போது ஒருத்தர் எழுந்து திரையைக் குறுக்கே கடந்து வெளியே போவார்.

மாரி: நான் பார்த்ததெல்லாம் அந்தப் பிரிண்டுதான் சார். அவர் எழுந்தால் இடைவேளை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். சரி, இப்போதுதான் எல்லாம் போனிலேயே வருதே?

சுந்தரம்: வருது. அப்புறம் போகுது. போன மாசம் ஒரு படத்தைப் பாதி பார்த்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் தேடினால் படமே இல்லை. உரிமம் முடிந்துவிட்டதாம். காசு கொடுத்து 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும் பெரும்பாலும் கதை அதுதான். அவன் கொடுப்பது படத்தை இல்லை, பார்த்துக்கொள்ள அனுமதியை.

மாரி: வாடகை வீடு மாதிரி. ஓனர் பையனுக்குக் கல்யாணம் என்றால் நாம் காலி பண்ணணும்.

சுந்தரம்: அதேதான்! இது சொந்த வீடு.

மாரி: சொந்த வீடு வாசலில் கிடக்குதே சார்.

சுந்தரம்: (காதில் விழாதவர் போல) நெட்ஃப்ளிக்ஸே முதலில் டிவிடியை வாடகைக்கு விட்ட கம்பெனிதான், தெரியுமா? 1998-ல் தொடங்கி அமெரிக்காவில் தபாலில் அனுப்பினார்கள். சிவப்பு உறையில் வரும். 2023 செப்டம்பரில்தான் நிறுத்தினார்கள். கடைசியாக அனுப்பினதைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

மாரி: அவனவன் வீட்டம்மா அதை வாசலில் வைத்திருப்பாங்க. நான் பிறக்க வேண்டிய ஊர் அது. (நீல நிறக் கவர் ஒன்றை எடுத்து) இது என்ன, பிரிக்கவே இல்லை?

சுந்தரம்: ப்ளூரே. டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க். என் மச்சினர் நியூஜெர்சியில் இருந்து கொண்டு வந்தது. இங்கே ஓடாது.

மாரி: ரிப்பேரா?

சுந்தரம்: புத்தம் புதுசு. ப்ளூரேக்கு உலகத்தை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, நாம் சி. இது ஏ. டிவிடியில் இன்னும் மோசம். அவர்கள் 1, நாம் 5.

மாரி: படத்துக்கே விசா கேட்கிறானா! சரி, ஓடாததை எதுக்கு வைத்திருக்கீங்க?

சுந்தரம்: பின்பக்கம் படிக்கலாம்.

(மாரி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார்.)

சுந்தரம்: அப்படிப் பார்க்காதீங்க. தரம் என்று ஒன்று இருக்கு. நெட்டில் வருகிற படத்தைச் சுருக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள். இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ப்ளூரேயில் ஒரே படத்துக்கு 50 ஜிபி வரை இடம் இருக்கு.

மாரி: இருட்டில் பார்க்க என்ன சார் இருக்கு?

சுந்தரம்: இருட்டைத்தான் பார்க்கணும்!

மாரி: சரி, ஒன்றைப் போட்டுக் காட்டுங்க. ஒத்துக்கொண்டு நான் பேப்பரோடு போய்விடுகிறேன்.

(சுந்தரம் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.)

சுந்தரம்: பிளேயரில் தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. இரண்டு வருஷமாச்சு. உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டிருக்கு.

மாரி: என்ன படம்?

சுந்தரம்: எங்கள் கல்யாணம். கேசட்டில் இருந்து டிவிடியாக மாற்றினது. அவளுக்குத் தெரியாது.

மாரி: பெல்ட் போயிருக்கும் சார். இருங்க, என்னிடமே மூன்று பிளேயர் இருக்கு.

(வண்டியில் இருந்து தூசி படிந்த ஒரு பிளேயரை எடுத்து, திருப்புளியால் மூடியைக் கழற்றுகிறார். தட்டுக்குப் பக்கத்தில் மோதிரம் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம், தொய்ந்துபோய்ப் பல்சக்கரத்தின் மேல் கிடக்கிறது.)

மாரி: இதுதான். நாளானால் இளகிவிடும். மோட்டார் சுற்றும், தட்டு நகராது. புதுசாக ஒன்று ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினால் போதும். இப்போதைக்கு விரலால் இப்படித் திருப்புங்க...

(தட்டு முக்கிக்கொண்டே வெளியே வருகிறது. அதில் ஒரு சிடி.)

மாரி: பார்த்தீங்களா, இதிலும் ஒன்று. எனக்குப் படம் கிடைப்பதே இப்படித்தான். விசிடியில் ஒரு படத்துக்கு இரண்டு சிடி. என் ராசி, எப்போதும் முதல் சிடிதான் மாட்டியிருக்கும். நாற்பது ஐம்பது படம் எனக்கு இடைவேளை வரைக்கும் அத்துப்படி. அதுக்கப்புறம் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் ஆச்சு, ஒன்றும் தெரியாது.

சுந்தரம்: (கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிடியின் பெயரைப் படித்து) அட! இந்தப் படமா? அண்ணன் கோபித்துக்கொண்டு மழையில் வீட்டை விட்டுப் போவாரே!

மாரி: போனவர்தான் சார். திரும்பி வந்தாரா?

(சுந்தரம் மூன்றாவது பெட்டியில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி, ஒரு கவரை எடுத்துத் திறக்கிறார். இடது பக்கம் காலி. வலது பக்கம் இரண்டாவது சிடி.)

சுந்தரம்: முதலாவதை 2009-ல் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கினார். அவர் வீடு மாறிப் போய்விட்டார். படத்தில் அண்ணன் ஏன் மழையில் போனார் என்றே எனக்கு மறந்துபோச்சு.

மாரி: (தராசைக் கீழே வைக்கிறார்) தங்கச்சிக்காக சார். அவர் திரும்பி வந்தாரா, அதைச் சொல்லுங்க.

சுந்தரம்: சும்மா சொன்னால் எப்படி? அந்த முதல் சிடியைக் கொடுங்க, சொல்கிறேன். கவர்கூட இல்லாத சிடி. உங்கள் கணக்குப்படி அதுக்கு விலையே கிடையாது.

மாரி: அது எப்படி சார்? இது நல்ல படம்.

சுந்தரம்: பாரபட்சம் இல்லை என்றீங்களே!

மாரி: வாங்கும்போது இல்லை. பிளேயரும் சிடியும் சேர்த்து 350. பெல்ட்டை நானே வந்து மாட்டித் தருகிறேன், அம்மா கோயிலுக்குப் போகிற நேரமாகச் சொல்லுங்க.

(சுந்தரம் பர்ஸைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக மாரியின் கையில் வைக்கிறார். உள்ளே இருந்து ஒரு குரல்: "என்னங்க, எவ்வளவு தேறிச்சு?")

சுந்தரம்: (உள்பக்கம் திரும்பி, உரக்க) முந்நூறு!

மாரி: (மெதுவாக) இன்னும் ஐம்பது வரணும் சார்.