எதை விட்டார்கள் என்று கேளுங்கள்

வடசென்னையில் எங்கள் பகுதி இளைஞர்களின் ராக் குழு ஒன்று தன் இரண்டாவது ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியதிலிருந்து, வியாசர்பாடிக்கும் பெரம்பூருக்கும் இடையில் பாட்டு கேட்கிற யாரைப் பார்த்தாலும் ஒரே புலம்பல்தான்: "பழைய மாதிரி இல்லை." முதல் ஆல்பத்தில் கானாவின் தாளக்கருவிகளான சட்டியும் டேப்பும் கிதாரோடு மல்லுக்கட்டின. இதில் சட்டி இல்லை, வேகம் பாதியாகிவிட்டது, கிதார் எதிரொலித்துக்கொண்டே நீள்கிறது, ஒரு பாட்டு ஒன்பது நிமிடம் ஓடுகிறது. குழுவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பகுதிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு நான் சொல்ல வருவதைப் புரிந்துகொள்ள அந்தப் பெயர் தேவையில்லை.

ஒலி மாறிவிட்டது என்பது ஒரு தகவல். அதையே தீர்ப்பாகச் சொல்லிவிட்டு நகர்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய ஸ்டுடியோவுக்குப் போய் நான்கு வயலின்களைச் சேர்த்துக்கொள்வதைக்கூட மாற்றம் என்கிறார்கள். எனக்கு அது வெறும் செலவு. கையில் இருந்ததில், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததில் எதைக் கீழே வைத்தார்கள், வைத்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று பார்த்த பிறகுதான் ஒரு இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியும்.

எம்ஜிஎம்டி என்ற அமெரிக்கக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ வான்விங்கார்டன், பென் கோல்ட்வாசர் ஆகிய இருவரும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது தொடங்கியது அது. 2007இல் வெளிவந்த 'ஆராக்குலர் ஸ்பெக்டாகுலர்' ஆல்பத்திலிருந்து 'டைம் டு ப்ரிடெண்ட்', 'எலக்ட்ரிக் ஃபீல்', 'கிட்ஸ்' என்ற மூன்று பாடல்கள் உலகத்தைச் சுற்றி வந்தன. சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ஒரு சின்ன மெட்டு, உடனே ஆடவைக்கும் தாளம், ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. 2010 ஏப்ரலில் வந்த 'கங்கிராஜுலேஷன்ஸ்' ஆல்பத்தில் அவர்கள் கீழே வைத்தது அந்தப் பல்லவியைத்தான். ஒன்பதே பாடல்கள், அதில் ஒன்று பன்னிரண்டு நிமிடங்களுக்கு, ஏழெட்டு மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுவதாகப் போகிறது. அறுபதுகளின் சைக்கடெலிக் இசையில், கனவு மயக்கம் போல ஒலிக்கும் அந்த ராக் இசையில், ஊறிய பீட்டர் கெம்பரை இணைத் தயாரிப்பாளராக அழைத்து வந்தார்கள். ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது, ஆனால் கேட்டவர்களில் பாதிப் பேர் ஏமாந்தோம் என்றார்கள்.

அவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் குழு மட்டுமல்ல. முதல் ஆல்பத்தின் அந்த மூன்று பாடல்களும் அதன் பாடல் வரிசையில் முதல் ஐந்துக்குள் முடிந்துவிடுகின்றன. 'கிட்ஸ்' ஐந்தாவது. அதற்குப் பிறகு வரும் ஐந்தும் ஏற்கெனவே இரண்டாவது ஆல்பத்தின் திசையில்தான் நடக்கின்றன. பர்மா பஜாரில் ஒரே சிடியில் நூறு எம்பி3 பாடல்களை அள்ளிக்கொடுத்த காலம் அது. நம்மில் பலருடைய காதுக்கு வந்தவை யாரோ பொறுக்கிப் போட்ட அந்த மூன்று மட்டுமே. ஐந்தாவது பாட்டோடு எழுந்து போனவர்கள், குழு வழிமாறிப் போய்விட்டதாகப் புகார் சொன்னார்கள். போதாக்குறைக்கு, 'டைம் டு ப்ரிடெண்ட்', 'கிட்ஸ்' இரண்டும் அவர்கள் 2005இலேயே ஒரு சிறு தொகுப்பில் வெளியிட்டவை. ரசிகர்கள் 2010இல் அவர்களிடம் திரும்பக் கேட்டது, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் பாடிச் சலித்துப்போன ஒன்றை.

சரி, மாறாமலேயே இருந்தால் விட்டுவிடுகிறார்களா? நியூயார்க்கின் ஸ்ட்ரோக்ஸ் குழு 2001இல் 'இஸ் திஸ் இட்' ஆல்பத்தில் பிடித்த ஒலியை 2003இன் 'ரூம் ஆன் ஃபயர்' வரை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்தது. நடுவில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலக் குழுவின் தயாரிப்பாளரான நைஜல் காட்ரிச்சுடன் வேலையைத் தொடங்கிப் பார்த்து, சரிப்படாமல் பழைய தயாரிப்பாளரான கோர்டன் ரஃபேலிடமே திரும்பினார்கள். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று விமர்சகர்கள் அவர்களையும் திட்டினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. (என் காதுக்கு 'ரூம் ஆன் ஃபயர்' நல்ல ஆல்பம்தான். கிதாரைச் சிந்தசைசர் என்று நம்பவைக்கிற ஒரு பாட்டுக்காகவே அதை இன்னமும் கேட்கிறேன்.)

இரண்டாவது ஆல்பத்தில் இந்தச் சிக்கல் வருவதில் மர்மம் எதுவும் இல்லை. முதல் ஆல்பத்தின் பாடல்கள் பல வருடங்கள் சின்ன மேடைகளில் அடிபட்டு, கூட்டம் எங்கே கைதட்டுகிறது, எங்கே செல்போனைப் பார்க்கிறது என்பதைக் கவனித்துக் கவனித்துச் செதுக்கப்பட்டவை. இரண்டாவது பாடல்களுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பயணத்தின் இடையிலோ, ஒலிச்சோதனை நடக்கும் அரை மணி நேரத்திலோ அவை பிறக்கின்றன. அதனால் இந்தக் கட்டத்தில் ஒரு குழு தன்னிடம் இருந்த ஒன்றைத் தெரிந்தே கைவிடுகிறது என்றால், சும்மா விடவில்லை என்ற அளவுக்காவது நாம் நம்ப வேண்டும்.

வடசென்னைக்காரர்களான நமக்கு இது புதிய கதையும் அல்ல. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட மரண கானா மேடைக்கும் சினிமாவுக்கும் போனபோது, இறந்தவரின் பெயரையும் வாழ்க்கையையும் இழுத்துப் பாடிய அந்த நீளத்தைத்தான் முதலில் விட்டது. நாலைந்து நிமிடத்துக்குள் அடங்கக் கற்றுக்கொண்டது. 2012இல் 'அட்டகத்தி' படம் வந்து புளியந்தோப்பு கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்க ஒலித்தபோது, இது கானாவே இல்லை என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. பிறகு 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறி, சட்டியையும் கட்டா மோளத்தையும் எலக்ட்ரிக் கிதாருக்குப் பக்கத்தில் நிறுத்தியது. அதன் பிறகுதான் எங்கள் பையன்கள் போன்ற குழுக்களுக்கு முதல் ஆல்பம் போடும் துணிச்சலே வந்தது.

ஆனால் அந்தத் துணிச்சலே இன்று ஒரு வேலியாகிவிட்டது. குழுவின் டிரம்மர் தம்பியிடம், சட்டியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "எங்க போனாலும் குத்து அடி, குத்து அடின்றாங்கணா. நம்ம ஏரியா பசங்களுக்கு வேற ஒண்ணும் வராதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க" என்றான். அவன் சொன்னதை நான் சொந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நகரின் தென்பகுதியில் ஓர் அரங்கில், அவர்கள் மெதுவான பாட்டு ஒன்றைத் தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து "லோக்கலா ஒண்ணு போடுங்க ப்ரோ" என்று குரல் வந்தது. எம்ஜிஎம்டியின் இரண்டு பேர் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கிறுக்குத்தனமாக வாசித்தால் அதைச் சோதனை முயற்சி என்று மதிக்கிற அதே ஆள், வியாசர்பாடிப் பையன் ஒன்பது நிமிடம் வாசித்தால் வேரை மறந்துவிட்டான் என்கிறார். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அதைவிட வருத்தம், நம் ஆட்களும் அவரோடு சேர்ந்துகொண்டு அதையே சொல்வது.

இத்தனைக்கும் அந்த ஒன்பது நிமிடப் பாட்டைப்போல எங்கள் பகுதியின் சத்தம் வேறு எந்தப் பதிவிலும் இல்லை. அவர்கள் பயிற்சி செய்யும் மொட்டைமாடி அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியது, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. முதல் ஆல்பத்தின்போது ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். இம்முறை நிறுத்தவில்லை. நான்காவது நிமிடத்தில் பேஸ் கிதார் ஒரே சுருதியில் நிற்கும்போது அடியில் ஒரு கூட்ஸ் வண்டி போகிறது. அது போய் முடிகிறவரை டிரம்மர் அதன் தடதடப்புக்கே தாளம் பிடிக்கிறான். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் ஒரு கடுமையான குறை உண்டு, அது சட்டியைப் பற்றியது அல்ல. குரலை எதிரொலியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தில் சொல்லுக்குச் சொல் கேட்டது. இதில் மூன்று பாடல்களுக்கு வரியே பிடிபடவில்லை, அந்தப் பாடகனிடமே எழுதி வாங்கித்தான் படித்தேன். படித்தால் முதல் ஆல்பத்தைவிட நல்ல வரிகள், எண்ணூர்க் கழிமுகத்தில் சேரும் அனல்மின் நிலையச் சாம்பல் பற்றி எழுதியது உட்பட. தாளத்தை விட்டது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. சொல் காணாமல் போனது அப்படித் தெரியவில்லை. வெளிநாட்டு ஆல்பங்களில் கேட்டதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டதாகத்தான் படுகிறது. கானா கேட்டு வளர்ந்த பையன்கள் வார்த்தையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். அந்த மூன்று பாடல்களையாவது குரலை முன்னுக்குக் கொண்டுவந்து மறுபடி மிக்ஸிங் செய்து ஏற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாடகன் யோசிப்பதாகச் சொன்னான், டிரம்மர் முடியாது என்று சொல்லிவிட்டான்.