விசா கிடைத்த பிறகுதான் ஆள் தேவை

"அந்தத் தம்பிக்கு விசா கிடைச்சிட்டுதாம்" என்று போன் வந்தால் என்ன செய்கிறோம்? வாழ்த்துகிறோம். "இனி என்ன, தப்பிட்டான்" என்கிறோம். அதோடு அவனை மறந்துவிடுகிறோம். பிரித்தானியாவில் வாழும் எங்கள் சனத்திடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்ததும், அதைத்தான் நாங்கள் விசா என்கிறோம், ஹோம் ஒஃபிஸ் என்ற உள்துறை அமைச்சு அதுவரை தந்த அறையையும் கிழமைக்காசையும் நிறுத்த நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் அந்த அவகாசத்தை 56 நாளாக்கினார்கள். 2025 செப்டம்பரில் பெரும்பாலான தனி ஆட்களுக்குத் திரும்பவும் 28 நாளாகக் குறைத்தார்கள். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிக்காசுக்கு முதல் நாளே விண்ணப்பித்தாலும் முதல் காசு வர ஏறக்குறைய ஐந்து கிழமை ஆகும். அறை போன பிறகுதான் காசு வரும். அட்வான்ஸ் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். வீட்டுக்காரர் சம்பளத் துண்டு கேட்பார். கேஸ் முடியும்வரை வேலை செய்ய விடாமல் வைத்திருந்தவனிடம் சம்பளத் துண்டு எப்படி இருக்கும்?

போன மாரியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இரண்டு பையோடு ஒவ்வொரு வீட்டுச் சோபாவாக மாறிக்கொண்டிருந்தான். கேள்விப்பட்டு, ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். "விசா கிடைச்சிட்டுது எண்டு எல்லாரும் சந்தோஷப்படேக்க, படுக்க இடமில்லை எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது?" என்றான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே இனி வாழ்த்துச் சொல்லும்போதே கேளுங்கள்: "எத்தனையாம் திகதி அறையை விடவேணும்?" கடிதம் வந்த கிழமையே கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி அலுவலகத்துக்கு, கூட்டிப்போங்கள். 56 நாளுக்குள் வீடிழக்கக்கூடிய ஒருவருக்கு உதவ வேண்டியது இங்கிலாந்தில் கவுன்சிலின் சட்டக் கடமை. நோய்நொடி இல்லாத தனி இளைஞனுக்கு உடனே அறை தரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பதிவு இருக்கவேண்டும், பக்கத்தில் ஆங்கிலம் பேசுகிற ஒருவரும் இருக்கவேண்டும். இப்போது விசா அட்டையாக வருவதில்லை, எல்லாம் இணையக் கணக்கில்தான். அதில் பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று சேர்ந்து பாருங்கள். அங்கே ஒரு பிழை இருந்தால் வேலையும் இழுபடும், வாடகை அறையும் இழுபடும்.

ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், அதை நிறுத்தச் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்கு முன்கூட்டிக் கட்டும் டிப்போசிட்டுக்கென்று ஒரு சிறிய சுழல்நிதியும் வையுங்கள். இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் டிப்போசிட் கேட்கமுடியாது. வேலை கிடைத்ததும் அவன் திருப்பித் தரட்டும், அடுத்தவனுக்கு உதவும்.

வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தாலும், வந்தவன் போகமாட்டானோ என்று பயப்படுகிறோம். அந்தத் தம்பியை அழைத்து வந்தபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. திகதி போட்டு இரண்டு மாதம் என்று பேசிக்கொண்டோம். ஏழாம் கிழமையே சாவியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.