இன்சுலினை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் அன்று

உபவாச ஜெப நாட்களில் சபை ஊழியர் இன்சுலினை நிறுத்திவிட வேண்டும், மருந்தை நம்புவது அவிசுவாசம் என்று சகோதரர் மேலே எழுதியிருப்பது வேதத்தின்படியும் மருத்துவத்தின்படியும் தவறு. அவர் சான்றாகக் காட்டும் பவுலே, மாம்சத்தில் இருந்த முள் என்று தாம் சொல்லும் பலவீனம் நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்காமல் கிருபையே அருளப்பட்டதை 2 கொரிந்தியர் 12இல் ஒளிக்காமல் எழுதுகிறார். தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்காகச் சிறிது திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவரும், இன்னொரு உடன் ஊழியரான துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்தவரும் அவரேதான்.

முதல் வகைச் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினைச் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடுவதால், உண்ணாத நாளிலும் அடிப்படை அளவு இன்சுலின் தேவை. அதை அடியோடு நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மாற்றுவது பற்றி மருத்துவரே சொல்ல வேண்டும்.

இதே நோயுடன்தான் நானும் ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்குச் செல்கிறேன். அடிவாரத்தில் சர்க்கரை அளவைச் சோதித்து, பையில் குளுக்கோஸ் இருப்பதை உறுதி செய்த பிறகே வண்டியை எடுக்கிறேன். மாலை ஆராதனையை உடன் ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டேன், சபையார் அதைக் குறையாக எண்ணவில்லை. உங்கள் பதிவை நம்பி ஓர் இளம் ஊழியர் ஊசியை நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுகிறேன், சகோதரரே. தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.