கணிதத்தால் பிறந்த அண்டம் 2016-இல்தான் வந்ததா?

‘கோள்களைக் கையால் வரையாமல், கணிதச் சூத்திரத்தால் ஓர் அண்டத்தையே உருவாக்கிய முதல் வீடியோ கேம் நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற தகவல் பரவலாகப் பகிரப்படுகிறது. இது தவறு.

அந்த கேம் வெளியானது 2016-இல். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன், 1984-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபென், இயன் பெல் இருவரும் ‘எலீட்’ கேமில் இதைச் செய்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்றைய கைபேசிப் புகைப்படம் ஒன்றைக்கூட அதில் வைக்க முடியாது. அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அவற்றின் பெயர், அரசு, பொருளாதாரம் எதையும் சேமித்து வைக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே விவரங்கள் அதே வரிசையில் கணக்கிட்டுப் பெறப்படும். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. விண்மீன் மண்டலங்களை இன்னும் பல மடங்கு பெருக்கவும் அவர்களால் முடிந்திருக்கும். வெளியீட்டாளர்தான் எட்டு போதும் என்றார்.

‘அப்படியானால் புதியது வெறும் நகல்’ என்பதும் நியாயமல்ல. எலீட்டில் கோளில் இறங்கி நடக்க முடியாது. நோ மேன்ஸ் ஸ்கையில் சுமார் 1.8 லட்சம் கோடி கோடி கோள்கள்; அவற்றின் மலை, குகை, செடி, விலங்கு அனைத்தையும் சூத்திரமே படைக்கிறது, அங்கே நடந்தும் திரியலாம். அந்தப் புதுமையைத் தாராளமாகப் பாராட்டலாம். ‘முதல்’ என்ற சொல் மட்டும் எலீட்டுக்குப் பின்னால் வந்த ஒன்றுக்குப் பொருந்தாது.