அதைப் பொம்மை ரயில் என்று சொல்லாதீர்கள்

ஊட்டிக்குப் போய் வந்தவர்களிடம் மலை ரயிலைப் பற்றிக் கேட்டால், "குன்னூரிலிருந்து ஊட்டி வரை பொம்மை ரயிலில் போனோம், நன்றாக இருந்தது" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அந்தப் பாதையும் அழகுதான். கேத்திப் பள்ளத்தாக்கை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அங்கே வண்டியைக் கொண்டுபோவது டீசல் இன்ஜின். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஓடும், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த ரயிலின் உயிர், மலையடிவாரத்துக் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிறது.

எங்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தவரும், "ஐந்து மணி நேரம் எதற்கு சார், குன்னூரில் ஏறினால் போதும்" என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. மகளோடு மேட்டுப்பாளையத்தில் காலை வண்டி ஏறினேன்.

கல்லாரைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரும் ஏற்றம் அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், நீராவி இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பட்டைகளைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வரும்படி பதித்திருக்கிறார்கள். பிடி ஒரு நொடியும் விடுவதில்லை. 1899-இலேயே குன்னூர் வரை வண்டி ஓட்டிவிட்டார்கள். ஊட்டியை எட்ட 1908 ஆனது. மொத்தம் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள்! இதையா பொம்மை என்பது?

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. எல்லோரும் இன்ஜினோடு படம் எடுக்க ஓடினார்கள். என் மகள் மட்டும் பிரேக்ஸ்மேன் ஒருவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரேக் சக்கரம் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன உள்ளங்கை. ரேகைகளுக்குள் கிரீஸ் கறுப்பு. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நிற்கும் இவர்கள் காட்டும் கொடிதான் பெட்டிக்குப் பெட்டி தாவி அவரைச் சேர்கிறது.

"தினமும் இதே வேலையா மாமா?" என்று கேட்டாள்.

"மண் சரிந்து பாதை அடைத்தால் வண்டி ஓடாது பாப்பா. மற்ற நாளெல்லாம் இதுதான்" என்றார்.

ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த இந்த இன்ஜின்களை, இன்று திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் சாக்லேட்டும் தைலமும் மட்டும் வாங்கிக்கொண்டு இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மேட்டுப்பாளையம் நிலையத்திலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது உண்மைதான். டிக்கெட் கிடைக்காவிட்டால் காலை பத்தரை மணிவாக்கில் குன்னூர் நிலையத்திற்குப் போய் நில்லுங்கள். மலையேறி வந்த நீராவி இன்ஜினை அங்கேதான் கழற்றுவார்கள். பக்கத்தில் போனால் அதன் சூடு முகத்தில் அடிக்கும்.