அந்த ஒரு வரியைத் திருப்பிக் கொடுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று இருந்தது. பிரிவு 8(1)(ஜே)யின் வாலில் கிடந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி ஆளுக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். எம்.எல்.ஏ. சபையில் எழுந்து கேட்டால் கிடைக்கிற பதில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி நான் கேட்டாலும் கிடைக்க வேண்டும். அவரை அங்கே அனுப்பியதே நாம்தானே!

இப்போது அந்த வரி இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பிரிவில் 44(3) என்று ஒன்றைச் செருகி அதை எடுத்துவிட்டார்கள், 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம், பொதுப் பணியோடு சம்பந்தமே இல்லாத சொந்த விஷயம், அல்லது தேவையில்லாமல் ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைகிற விஷயம் என்றால்தான் மறுக்கலாம், அதிலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வழி இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்று எழுதினால் போதும், மனு ஃபைலுக்குள் போய்விடும்.

சரி, பெயர் இல்லாமல் எந்த ஊழலைக் கண்டுபிடிப்பது? சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலை மனு போட்டு வாங்கினோம். டீக்கடையில் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தபோதுதான், ஏற்கெனவே மாடி வீடு இருக்கிறவர்கள் யார், வெளியூரில் குடியிருக்கிறவர்கள் யார் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள். எண்ணிக்கையை மட்டும் கொடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? இத்தனை வீடு, இவ்வளவு ரூபாய், கணக்கு சரி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்ததே இப்படித்தான். 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு பொது விசாரணை நடத்தி, கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே சத்தமாகப் படித்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. 1996இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில், தகவல் கேட்டு 40 நாள் தர்ணா. 1997இல் மாநிலங்களிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு ஒரு தகவல் சட்டம் போட்டது (ஓட்டை நிறைந்த சட்டம், அது வேறு கதை). அப்புறம்தான் 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம்.

அந்தரங்கமும் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொன்னதே என்கிறார்கள், இந்த மாற்றத்தை ஆதரிப்பவர்கள். எனக்கும் அந்தரங்கம் வேண்டும். யாருடைய ஆதார் எண்ணையும் நோயையும் நான் கேட்கவில்லை, பழைய பிரிவே அதையெல்லாம் காத்தது. சொல்லப்போனால், அதை வைத்தே ஏகப்பட்ட மனுக்களைத் தள்ளினார்கள். எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) கையெழுத்துப் போட்ட என்ஜினீயரின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் எப்படி அந்தரங்கம் ஆகும்?

தகவல் சட்டத்தில் பிரிவு 8(2) இருக்கிறதே, பொதுநலன் இருந்தால் கொடுக்கலாமே என்பது அடுத்த பதில். 'கொடுக்கலாம்'தான், 'கொடுக்க வேண்டும்' இல்லை. மேலதிகாரியின் முறைப்புக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பொதுத் தகவல் அலுவலர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மேல்முறையீட்டுக்குப் போனால், அங்கிருக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும் என்று 2019இலேயே மாற்றிவிட்டார்கள்.

இதற்குப் புதிய ஆணையமோ புதிய சட்டமோ வேண்டாம். 44(3)ஐ நீக்கி, 2005இல் எழுதிய பழைய வாசகத்தை அப்படியே திரும்ப வைத்தால் போதும், அரைப் பக்க வேலை. ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. வேட்பாளரிடம் இதை நேராகக் கேளுங்கள்.

அதுவரை மனு போடுகிறவர்கள், அந்தப் பெயர் வெளியே வருவதால் ஊருக்கு என்ன நன்மை என்று 8(2)ஐக் குறிப்பிட்டு ஒரு பத்தி சேர்த்தே அனுப்புங்கள், மேல்முறையீட்டில் கைகொடுக்கும்.