நோய் போனபின் வரும் ஓட்டு

கொரோனா பாப்புலிச அரசியலைத் தோற்கடித்துவிட்டது என்று 2020 கடைசியில் நிறையப் பேர் எழுதினார்கள். 'நாங்கள்தான் மக்கள், நிபுணர்கள் எல்லாம் மேல்தட்டின் ஆட்கள்' என்று பேசும் அரசியலைத்தான் சொல்கிறேன். அப்படி நம்பக் காரணமும் இருந்தது. அமெரிக்காவில் ட்ரம்ப் தோற்றார். ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 2017-இல் வாங்கிய 12.6 சதவீதம், 2021-இல் 10.3 ஆகக் குறைந்தது. உயிர்ப்பயம் வந்தால் மேடைப் பேச்சாளரை விட்டுவிட்டு மக்கள் மருத்துவரைத்தான் தேடுவார்கள் என்றார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு அப்போதே இடித்தது. தோற்ற ட்ரம்புக்கு 2016-ஐவிட ஒரு கோடிக்கும் அதிகமான ஓட்டு கூடியிருந்தது. கொரோனாவைச் சின்னக் காய்ச்சல் என்று ஒதுக்கித் தள்ளிய அதிபர் போல்சனாரோவின் பிரேசிலில் ஏழு லட்சம் பேர்வரை செத்தார்கள். அதற்குப் பிறகும் 2022-இல் அவர் வாங்கியது 49.1 சதவீதம்.

இதில் நியூசிலாந்தைத்தான் கூர்ந்து பார்க்கவேண்டும். 2020 அக்டோபரில் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னின் தொழிற்கட்சி 50 சதவீத ஓட்டோடு தனிப்பெரும்பான்மை பெற்றது. 1996-இல் தேர்தல் முறை மாறிய பிறகு அதுவரை எந்தக் கட்சிக்கும் அது கிடைத்ததில்லை. வின்ஸ்டன் பீட்டர்ஸின் பாப்புலிசக் கட்சியான 'நியூசிலாந்து ஃபர்ஸ்ட்' எல்லா இடங்களையும் இழந்தது. சரி, கதை முடிந்தது என்றார்கள். 2022 பிப்ரவரியில் கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்து வெலிங்டன் நாடாளுமன்ற வளாகத்தில் கூடாரம் போட்டவர்கள் மூன்று வாரம் நகரவில்லை. அவர்களைச் சந்திப்பதில்லை என்று நாடாளுமன்றக் கட்சிகள் முடிவெடுத்தன. பீட்டர்ஸ் போய் அவர்களைப் பார்த்தார். 2023 தேர்தலில் தொழிற்கட்சி சுமார் 27 சதவீதத்துக்கு இறங்கியது, பீட்டர்ஸ் கட்சி 8 இடங்களோடு திரும்பி வந்தது. விலைவாசி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் எல்லோரையும் கிறுக்கர்கள் என்று ஒதுக்கியதை என்னால் ஏற்கமுடியவில்லை. வேலை போனவர்களும் அங்கே இருந்தார்கள்.

பயம் முதலில் வரும், கோபம் பிறகுதான் வரும். தொற்று உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் கருத்துக்கணிப்பு பயத்தை மட்டும்தான் காட்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவருக்கும் அன்றாடக் கூலிக்கும் ஊரடங்கு ஒன்றா? இறுதிச் சடங்குக்குக்கூட ஆள்கணக்கு வைத்த பிரிட்டனில், பிரதமர் அலுவலகத்திலேயே கூடிக் குடித்தார்கள். பிரதமர் போரிஸ் ஜான்சனே அபராதம் கட்டினார். மேலே இருப்பவர்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எந்தப் பாப்புலிசத் தலைவருக்கும் தேவையில்லை. அந்தத் தலைவர்களுக்குக் கொள்கை முக்கியமே இல்லை. 2020 மார்ச்சில் அரசு போதுமான அளவு கண்டிப்பாக இல்லை என்று கத்திய ஏஎஃப்டி, கொஞ்ச நாளில் கட்டுப்பாடே அநியாயம் என்றது. 2025-இல் அது 20.8 சதவீதம். குடியேற்றம் பெரிய காரணம்தான், ஆனாலும் தடுப்பூசி எதிர்ப்பில் சேர்த்த ஆட்களை அது விடவில்லை.

1918-இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் அதிகம் பேர் இறந்த ஜெர்மன் நகரங்களில், 1932, 33 தேர்தல்களில் தீவிர வலதுசாரிகளுக்கு ஓட்டு கூடுதலாக விழுந்ததை ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தொற்றின் அரசியல் விளைவை அடுத்த தேர்தலோடு அளந்து முடித்துவிடக்கூடாது என்பதற்கு இது போதும்.

நான் தடுப்பூசியின் பக்கம். அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதனால்தான் கேட்கிறேன்: போட்டுக்கொண்டால் பரவாது என்கிற மாதிரி ஏன் அவ்வளவு உறுதியாகப் பேசினார்கள்? ஓமிக்ரான் என்ற புதிய கொரோனா வகை வந்து அந்த நம்பிக்கையை உடைத்தபோது, கணிப்பு மாறிவிட்டது என்று ஏன் முதலில் அரசுகளே சொல்லவில்லை? அந்த உண்மையை மக்கள் பாப்புலிச மேடையிலிருந்து கேட்க நேர்ந்ததுதான் எனக்கு ஆறவில்லை.